முந்நூற்றுப் பதினெட்டாம் இடம்

அக்காவின் மரபணுச் சோதனை முடிவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் புரதத்தில் முந்நூற்றுப் பதினெட்டாம் இடம். இந்த மாற்றம் கெடுதலா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என எழுதியிருந்த மருத்துவர், வேலைக்குத் தடை எதுவும் போடவில்லை. அக்கா நீச்சல் பயிற்சியாளர். குளக்கரையில் ஒருநாள் மயங்கி விழுந்ததால் வந்த சோதனை அது.

தம்பிக்குப் பிழைப்பே இதுதான். பல விலங்குகளின் மரபணுக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எது எவ்வளவு வேகமாக மாறி வந்திருக்கிறது என்று கணக்கிடும் ஆய்வகத்தில் வேலை. அக்கா கேட்காமல் இருப்பாளா? அன்று மதியமே அறுபத்திரண்டு விலங்குகளை எடுத்து அவசர அவசரமாகக் கணக்குப் போட்டான். அந்த மரபணு கோடிக்கணக்கான வருடங்களாக ஏறக்குறைய அசையவே இல்லை. அசையாத ஒன்றில் மாற்றம் வந்தால் ஆபத்து என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

மறுநாளே அக்கா நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாள். தண்ணீரிலேயே கிடந்தவள், சோபாவில் உட்கார்ந்து மணிக்கட்டில் நாடி பார்க்க ஆரம்பித்தாள்.

ஆறு வாரம் கழித்து அந்தக் கணக்கை ஆய்வகத்தின் புள்ளியியல்காரியிடம் காட்டினான். எதையும் இரண்டு முறை படிக்காமல் வாய் திறக்க மாட்டாள் என்பதால் அவளுக்கு அங்கே ‘நிதானம்’ என்றே பெயர். அன்றும் இரண்டு முறை படித்தாள்.

“எல்லா இடத்துக்கும் ஒரே வேகம்னு வெச்சுட்டீங்களா?”

ஆமாம் என்றான்.

“ஒரு தெரு மொத்தத்துல சத்தம் கம்மிங்கிறதால, வீட்டுக்கு வீடு அமைதியா இருக்கும்னு சொல்லிட முடியுமா?”

அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. பாடம் எடுக்கும்போது அவனே எச்சரிக்கிற தவறு அது. சொந்த அக்கா என்றதும் கை முந்திக்கொண்டது. ஒவ்வோர் இடத்துக்கும் தனி வேகம் இருக்கலாம் என்று வைத்துக் கணக்கை மறுபடி ஓட்டினான். பெரும்பாலான இடங்கள் கல்லாகக் கிடந்தன. சில மட்டும் இஷ்டத்துக்கு மாறியிருந்தன. முந்நூற்றுப் பதினெட்டும் அவற்றில் ஒன்று. குதிரை, வௌவால் உட்படப் பதினொரு விலங்குகளுக்கு அங்கே அக்காவின் அதே எழுத்து.

இந்த முறை அவன் போனில் சொல்லவில்லை. இது எதை நிரூபிக்கவில்லை என்பதையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதி மருத்துவருக்கு அனுப்பிவிட்டு, நேரில் போனான். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் போட்ட கணக்கு தப்பு.”

“அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“அதை டாக்டர்தான் சொல்லணும். நான் உன்னைப் பயமுறுத்தின காரணம் செல்லாது. அவ்வளவுதான் தெரியும்.”

அவள் ஒரு துண்டை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

“ஆறு வாரம்டா. ஒவ்வொரு படியும் எண்ணி எண்ணி ஏறினேன்.”

அவன் கிளம்பும்போது வாசல்வரை அவள் வரவில்லை.

மருத்துவர் அப்பாவையும் வரவழைத்துச் சோதித்தார். எழுபத்து நாலு வயது, அதே எழுத்து, இதயம் கடிகாரம் மாதிரி. “நான் உனக்குக் கொடுத்ததே இது ஒண்ணுதான், அதையும் குத்தம் சொல்றீங்களே” என்று அப்பா அக்காவிடம் அலுத்துக்கொண்டார். அக்காவின் இதயத்தை மறுபடி ஸ்கேன் செய்து, ஒரு நாள் முழுக்கத் துடிப்பையும் பதிவு செய்தார்கள். அன்றைய மயக்கம், வெறும் வயிற்றோடு வெயிலில் நாலு மணி நேரம் நின்றதால் வந்தது என்று முடிவாயிற்று. அந்த எழுத்தின் மேலிருந்த சந்தேகம் நீங்கியது.

அக்கா வேலைக்குத் திரும்பியதை அவனிடம் சொல்லவில்லை. அப்பா சொல்லித்தான் தெரிந்தது. ஒரு மாலை நீச்சல் குளத்துக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையின் கடைசிப் படியில் உட்கார்ந்தான். பார்த்தும் பார்க்காதவள்போல் வகுப்பை முழுதாக முடித்தாள். பிறகு ஈரத்தலையோடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

“பசிக்குது. வா, ஏதாவது சாப்பிடலாம்.”