ஏலத்தில் எடுத்த செந்துளுவன் குலை

வடசேரியிலுள்ள என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்த பிரிஜா, ஒரு சீப்பு செந்துளுவன் வாழையை மேசையில் வைத்தாள். இன்னும் பழுக்காத காய்.

“தின்னுராத ஷைஜா. அது லஞ்சம்.”

நாங்கள் ஒன்றாகப் படித்தவர்கள். பிரிஜா இராஜாக்கமங்கலத்தில் ஊர்ப் பெண்கள் சிலரோடு கருவாடு காயவைத்து விற்கிறாள். மழைக்கு அது கெட்டுப்போகாமலிருக்க, மத்திய அரசுத் திட்டம் ஒன்றில் உலர்த்தும் கூடம் கேட்டிருந்தாள். ஆய்வுக்கு வந்த ஜெபமணி மாநில அரசு ஊழியர். அந்தத் திட்டத்துக்கு மாற்றுப்பணியில் வந்தவர். ஞாயிற்றுக்கிழமை தன் சபையின் அறுப்பின் பண்டிகையில் தான் படைக்கும் குலையை அவள் பெரிய விலைக்கு ஏலம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு நகராது என்றிருக்கிறார்.

எங்கள் கிறிஸ்தவ சபைகளில் அந்தப் பண்டிகைக்குப் படைக்கும் விளைச்சலை ஏலம் விடுவார்கள்; ஒரு தேங்காயைக்கூடப் பல மடங்கு விலைக்கு எடுப்பார்கள். ஆண்டவருக்குப் போகிற பணம், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் அதிக விலைக்குப் போன காணிக்கை யாருடையது என்று ஊரே பேசும். ஜெபமணியோ சபைக் கமிட்டித் தேர்தலில் நிற்கிறார். கோயிலுக்குத்தானே என்று பிரிஜா எடுத்துவிட்டாள். குலையை வீட்டில் தொங்கவிட்ட பிறகுதான் உறுத்தியது.

“அவரு பைசாவைத் தொடவே இல்லட்டி. சபைக்குப் போனது எப்படி லஞ்சமாவும்?”

“தனக்கு வாங்குனாலும் வேற ஆளுக்கு வாங்கிக் குடுத்தாலும் மத்தியச் சட்டத்துக்கு ஒண்ணுதான். குடுத்த ஆளும் குற்றவாளி.”

“அப்போ நானும் ஜெபமணி சாரும் ஒரே ஜெயிலா?”

“பொம்பளைக்கு வேற ஜெயில். பேடிக்காத.”

கட்டாயத்தால் கொடுத்தவருக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஏழு நாளுக்குள் புகார் சொல்லிவிட்டால் குற்றமில்லை. அன்று புதன், ஏலம் முடிந்து மூன்று நாள்.

“யாருட்ட சொல்லணும்?”

சிக்கல் அங்கேதான். எனக்குத் தெரிந்த மாநில லஞ்ச ஒழிப்பு அதிகாரி ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். “ஆளு எங்க ஆளு, வேலை மத்திய வேலை. விசாரிக்க முன் அனுமதியைச் சென்னையில கேக்கவா, டெல்லியில கேக்கவா, அதையே முதல்ல தீர்மானிக்கணும்” என்றார். மத்தியப் புலனாய்வான சி.பி.ஐ.க்குப் போனாலோ, இங்கே விசாரிக்க அவர்களுக்குத் தந்திருந்த பொது ஒப்புதலைத் தமிழ்நாடு திரும்பப் பெற்றுவிட்டதால், வழக்குக்கு வழக்கு மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும்.

“அவங்க பேசி முடிக்கதுக்குள்ள என் ஏழு நாள் போயிரும்லா?”

சட்டத்தை எடுத்து அந்த வரியை மறுபடி வாசித்தேன். சட்ட அமலாக்க அமைப்பிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. எந்த அரசினுடையது என்று இல்லை. விசாரிக்கத்தான் அனுமதி வேண்டும். சொல்வதற்கு வேண்டாம்.

“ரெண்டு இடத்திலயும் குடு. யாரு விசாரிக்கணும்னு அவங்க சண்டை போடட்டும். நீ சொன்னதுக்குச் சாட்சி இருந்தா போதும்.”

“கூடம்?”

புகார் போனால் அது கிடைப்பது சந்தேகம் என்றேன். பிரிஜா கருவாட்டுத் தொழிலில் கூட்டாளியான தங்கபாயைத் தொலைபேசியில் அழைத்து, விஷயத்தைச் சொல்லி, ஒலிபெருக்கியில் போட்டாள்.

“கூடம் இல்லாட்டா மொட்டை மாடி இருக்கு மக்கா. நீ ஜெயிலுக்குப் போனா யாவாரத்த யாரு பாப்பா? எழுதிக் குடுத்துட்டு வா.”

மாநில லஞ்ச ஒழிப்புக்கு ஒன்றை நேரில் கொடுத்தோம், சி.பி.ஐ.க்கு ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இரண்டுக்கும் அத்தாட்சி வாங்கினோம்.

ஐப்பசி மழை தொடங்கியது. கூடம் வரவில்லை. கருவாடு மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. போன வாரம் பிரிஜா, லஞ்ச ஒழிப்பு அலுவலகம் அனுப்பிய ஒரு கடிதத்தோடு வந்தாள். ஜெபமணி மாநில ஊழியரா, மத்திய ஊழியரா என்று புகார்தாரர் தெளிவுபடுத்த வேண்டுமாம்.

“இப்போ என்னட்டயே கேக்குதானுவ” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சொல்லு, என்ன எழுதணும்?”