வைட்டமின் ஈ கலக்காத குச்சி

1
இந்தக் கதையை என் அக்கா சொன்னாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே, குழாயை மூடாமல். தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை இட்டுக்கட்டி எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினேன். "இட்டுக்கட்டினதெல்லாம் அடிச்சிடு" என்றாள். அடித்தது போக மிஞ்சியது இது.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'திரவ நைட்ரஜனின் வெண்புகை நடுவே தேவதையைப் போல அவள்...'

(நிறுத்திவிட்டேன். அக்கா எப்போதும் சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை செய்பவள்.)

அவளுக்கு உறைவிந்து நிலையத்தில் வேலை. பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதற்காகக் காளையின் விந்தைக் குச்சி போன்ற மெல்லிய குழாய்களில் அடைத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். உறையும்போதும் உருகும்போதும் உயிரணுக்களின் மேல்தோல் துருப்பிடித்துப் போகும். ("துரு இல்லடா, ஆக்ஸிஜனேற்றம்" என்கிறாள். நீங்கள் துரு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) அதைத் தடுக்க அவள் வைட்டமின் ஈ கலந்து பார்த்தாள்.

3
காளைக்குச் செல்லப்பெயர் பெரியவன். வயதாகிவிட்டது. அதனிடம் கடைசியாகக் கிடைத்தது கொஞ்சம்தான். அதில் பாதியில் மருந்தைக் கலந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க மறுபாதியை அப்படியே விட்டாள். அந்த வாரமே பெரியவன் செத்துப்போனான். பழைய இருப்பும் முன்பே தீர்ந்திருந்தது.

கலந்த குச்சியை உருக்கிப் பார்த்தால் உயிரணுக்கள் அத்தனையும் துள்ளி ஓடின. சந்தோஷம் தாங்காமல் இன்னொன்றை உருக்கினாள். நம்பாத மேலதிகாரிக்காக ஒன்று. பார்க்க வந்தவர்களுக்காக ஒன்று. உருக்கியதை மறுபடி உறைய வைக்க முடியாது. கலக்காத குச்சிகளைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவைதான் மிஞ்சின.

4
பெரியவனைக் கன்றிலிருந்து பராமரித்தவர் வந்தார்.

"என் மாடு பருவத்துக்கு வந்திருக்கும்மா. நம்ம பெரியவன் குச்சி ஒண்ணு போட்டுவிடுங்க. அவன் கன்னு ஒண்ணு வீட்ல நின்னா போதும்."

அக்கா ஒன்றை வெதுவெதுப்பான நீரில் உருக்கி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக அசைந்தன. மற்றவை அப்படியே கிடந்தன.

"ஓடுதாம்மா?"

"ஓடுதுண்ணே."

அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

(இந்த வரியையும் அடிக்கச் சொன்னாள். "பொய்தான்டா.")

5
முடிவு ஒன்று: மாடு ஈன்றது, பெரியவனை உரித்து வைத்த கன்று.

"வேண்டாம். நீ என்னைத் தப்ப விடுற."

முடிவு இரண்டு: மாடு சினை பிடிக்கவில்லை. அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு...

"அதுவும் வேண்டாம்."

உண்மையில், அந்தக் குச்சியை மாட்டுக்குப் போட்டு மூன்று மாதம் ஆகி, நாளைதான் சினை பார்க்கிறார்கள்.

"சினைன்னு தெரிஞ்சா நான் வாயே திறக்கமாட்டேன். இல்லன்னு ஆனா, மாட்டிக்கிட்டதால சொன்ன மாதிரி இருக்கும். இன்னைக்கே போய் அவர்கிட்ட சொல்லிடுறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் எழுத உட்கார்ந்தேன். அவர் கதவைத் திறந்து, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்பது வரை வந்தது. நல்ல குச்சிகளெல்லாம் எங்கே போயின என்று அக்கா சொல்லி முடித்த பிறகு அவர் என்ன பேசுவார் என்பதை என்னால் எழுத முடியவில்லை. அவருக்காக மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. அந்த வீடு உங்களுடையதாக இருந்தால் என்ன சொல்வீர்களோ அதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் வாசலில் நிற்கிறாள்.