அல்வாக் கடை வைஃபையும் பேத்தியின் பேரும்

டவுண் ரத வீதியில் அல்வாக் கடை வைத்திருக்கும் மகாராஜன் அண்ணாச்சிக்குத் தேரோட்டத்தன்று தலைக்கு மேல் வேலை. அதிலும் பெரிய வேலை, மஸ்கட்டில் இருக்கும் மகள் பொன்செல்வியின் குழந்தைக்குப் போனில் பேர் சொல்வது. தாத்தா வாயால்தான் பேர் முதலில் காதில் விழ வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். தேர்க் கூட்டத்தில் டவர் திணறுமே! அதனால்தான் மொபைல் கம்பெனிக்காரர்கள் கடையில் வைஃபை பெட்டி மாட்டக் கேட்டதும் சரி என்றார்.

சாயங்காலம் ஒத்திகைக்குப் பேசினால், மகள் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. பெட்டி மாட்டிய இன்ஜினியர் சுகன்யாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா பொட்டி இது? கோடு முழுசா காட்டுது, படம் அசையமாட்டேங்கு!"

"அல்வாவுக்கு வரிசையில நிக்க எல்லார் போனும் டவர விட்டுட்டுத் தானா இதுல வந்து ஒட்டிக்கிடுது, அண்ணாச்சி. கடைசியில நிக்கவங்களுக்குச் சிக்னல் கம்மி. அவங்க போன் இழுத்து இழுத்துப் பேசி எல்லார் நேரத்தையும் திங்குது. அதுகள டவருக்கே திருப்பி விட்டா மத்தவங்களுக்குச் சரியாயிரும்."

"தள்ளி விடு. யாரா இருந்தாலும் தயவு தாட்சண்யம் பாக்காத!"

லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். மகள் முகம் அசைந்தது, சிரித்தது. அண்ணாச்சி அதோடு அங்கேயே நின்றாரா? பேர் சொல்லும் நேரம் வந்ததும் புது வேட்டி கட்டிக்கொண்டு, சந்தடி வேண்டாமென்று கடைசியில் இருக்கும் சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் கூப்பிட்டாள். "அப்பா, பாப்பாவ..." என்றதும் அறுந்துபோனது.

"ஏ சுகன்யா!" என்று வெளியே பாய்ந்தார்.

"தூரமாப் போயிட்டீய அண்ணாச்சி. பொட்டி உங்க போனையும் தள்ளி விட்டுட்டுது."

"என் கடையில என்னையவா?"

"தாட்சண்யம் பாக்காதன்னு நீங்கதான சொன்னீய."

பெட்டி இருந்தது பில் மேசைக்கு மேலே. முண்டியடித்துப் போனவரை வரிசையில் நின்ற முத்துமாலை மறித்தான்.

"நாங்க மதியத்துலேருந்து நிக்கோம். வரிசையில வாரும்வே."

"ஏலே, அல்வாவுக்கு வரலலே. பேத்திக்கு வந்திருக்கேன்!"

சிரித்துக்கொண்டே வழி விட்டார்கள். திரும்ப மகள் கூப்பிட்டாள். துணிச் சுருளுக்குள் குழந்தை கொட்டாவி விட்டது; இமை மயிர்கூடத் தெரிந்தது.

"காதுகிட்ட போன வச்சாச்சு. பேரச் சொல்லுங்கப்பா."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். பாவம் மனுஷன், சத்தமே வரவில்லை.

"அப்பா? மறுபடியும் நின்னுபோச்சா?"

சுகன்யா எட்டிப் பார்த்துச் சொன்னாள். "நெட்டு நல்லாத்தான் இருக்குக்கா. அண்ணாச்சிதான் நின்னுட்டாவ."

வரிசையே கொல்லென்று சிரித்தது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேர் இழுக்கிறவர்களுக்கே கேட்கும்படி "காந்திமதி!" என்று மூன்று தரம் கூப்பிட்டார்.

குழந்தை மிரண்டு வீறிட்டு அழுதது. அழுகை ஓரிடத்தில்கூட அறுபடவில்லை.