ஓர் உறுப்பினர் வெளியேறினார்

உம்மா இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. ஹஸீனா அவர் தோளில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையில் பசியாற உட்கார்ந்தவர், ரொட்டியைப் பிய்த்தபடியே சாய்ந்துவிட்டார். பாதி ரொட்டி இன்னும் மேசையில் இருந்தது.

சிங்கப்பூரின் மார்சிலிங் வட்டாரத்தில் இருந்த அந்த வீட்டின் முன்னறையைத் திரை கட்டி மறைத்திருந்தார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டி முடிக்கும்வரை உள்ளே பெண்கள் மட்டும்தான். ஹஸீனாவின் அண்ணன் அஃப்னான் மற்ற ஆண்களோடு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்தார்.

கதவு தட்டப்பட்டது. வைதேகி ஆன்ட்டி. லிட்டில் இந்தியாவில் அலுவலகம் உள்ள பெண்கள் காப்பகத்தின் தலைவர். உம்மா அதன் நிர்வாகக் குழுவில் பல வருஷமாக உறுப்பினர். ஆன்ட்டிக்குப் பின்னால் முகக்கவசம் போட்ட ஒரு பெண் தலை குனிந்து நின்றாள்.

"ஆள் பத்தலதான். சட்டைக்கைய மடிச்சுவிட்டுட்டு வாம்மா," என்றார் குளிப்பாட்ட வந்திருந்த ரபியா லாத்தா.

அந்தப் பெண் கையை மடித்தாள். மணிக்கட்டுக்கு மேல் எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. ஹஸீனாவின் குவளை சாய்ந்து அவள் காலிலேயே தண்ணீர் கொட்டியது.

"மச்சி?"

அண்ணன் மனைவி சாதியா. இரண்டு வருஷத்துக்கு முன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எவனுடனோ ஓடிவிட்டாள் என்று அண்ணன் சொன்ன சாதியா. பாத்ரூமில் வழுக்கி உடைந்த கை. அதையும் அண்ணன்தான் சொன்னார். உம்மாவும் ஆமாம் என்றார்.

"மாமி மொகத்த ஒருக்கா பாத்துட்டுப் போயிடுறேன்," என்றாள் சாதியா. உம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கழுவினாள்.

ஹஸீனா வாளியோடு சமையலறைக்குப் போனாள். ஆன்ட்டி அங்கே நின்றிருந்தார்.

"உங்க ஹோம்லயா இருக்காங்க? ரெண்டு வருஷமா?"

"மெதுவா பேசும்மா."

"உம்மாவுக்குத் தெரியுமா? அஃப்னான் நானாகூட உக்காந்து அழுதாங்களே ஆன்ட்டி!"

"எங்க தங்கியிருக்கான்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஒரு கேஸ்ல இருந்து விலகின மெம்பர் அதப் பத்தி அப்புறம் கேக்கக்கூடாது. அவங்க கேக்கல. பேத்தி போட்டோகூடக் கேக்கல. மாசாமாசம் மீட்டிங் வருவாங்க, என் எதிர்ல உக்காந்து கறிபாப் சாப்பிடுவாங்க, போயிடுவாங்க. ஒருநாள் மனசு கேக்காம நானே வாயத் திறந்தேன். 'எனக்கு மட்டும் வேற ரூலா லா?'ன்னு எந்திரிச்சுட்டாங்க."

நடைபாதைப் பக்கச் சன்னலில் விரல் தட்டியது.

"ஹஸீனா, உள்ள யாரு? லிஃப்ட்ல சாதியா மாதிரி ஒருத்தியப் பாத்தேங்கிறாரு கபீர் மாமா."

அண்ணனின் கை சன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. ஹஸீனா அந்தக் கையையே பார்த்தாள்.

"குளிப்பாட்ட வந்தவங்க நானா."

"கதவத் தொற. நான் பாக்குறேன்."

"உம்மா குளிச்சிட்டிருக்காங்க. கஃபன் துணி போட்டதும் கூப்பிடுறேன். கீழ போங்க."

அண்ணனை அவள் ஏவியது அதுதான் முதல் தடவை. கை கம்பியிலிருந்து விலகச் சற்று நேரமாயிற்று. செருப்புச் சத்தம் லிஃப்ட் பக்கம் தேய்ந்து போனது.

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஆன்ட்டி குழாயை மூடினார்.

"கேஸ்ல இருந்து விலகின அன்னைக்கு மீட்டிங்ல உம்மா என்ன சொன்னாங்க?" என்றாள் ஹஸீனா.

"வெளிய சொல்லக்கூடாத விஷயம்மா. ஆனா, 'நான் போனப்புறம் ஹஸீனாகிட்ட மட்டும் சொல்லிடு'ன்னு உங்கம்மா சொல்லியிருந்தாங்க." ஆன்ட்டி திரைப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கேஸ வாசிக்கிறப்ப பேரு சொல்லமாட்டோம். மார்சிலிங், ஒடைஞ்ச கை, மூணு வயசுப் புள்ள. அவ்வளவுதான் வாசிச்சேன். உங்கம்மா எந்திரிச்சு நின்னுட்டாங்க. சொந்தக்காரங்க கேஸ்னா, காரணத்தச் சொல்லிட்டுத்தான் வெளிய போகணும். எல்லாரும் அவங்க மொகத்தையே பாத்துட்டிருந்தோம்."

திரைக்கு அப்பால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"'இதுல நான் உக்காரக்கூடாது'ன்னாங்க. 'அந்தக் கைய ஒடைச்சவன் என் மகன்.'"