அரைப்பேர்

செபமாலையம்மாளுக்குக் கழுத்து நரம்பு சுண்டி இழுத்தது. கூடைக்கயிறு நெற்றியில் அழுந்தும் இடத்தில் பிடிக்கிற வலி, மத்தியானத்துக்குள் தோள்பட்டைக்கு இறங்கிவிடும். மழை விட்டிருந்தாலும் தேயிலைக் கொழுந்தெல்லாம் ஈரம். கூடை பிணமாய்க் கனத்தது.

பக்கத்து நிரையில் நின்ற மாரித்தாய் கையை நிறுத்தாமல் கேட்டாள். "ஏளா டில்லிக்காரி, அங்கன ரொட்டிதான் திங்கணுமாம். புளிக்குழம்புக்கு என்ன செய்வ?"

"போனாத்தானட்டி. துரை லீவு தரணும்லா."

"ஏன் தரமாட்டாரு? ஒம்மக பேரு பேப்பர்லயே வந்துட்டு."

மகள் பிலோமி, இந்தியா முழுக்கப் பிள்ளைகள் எழுதிய பரீட்சையில் பரிசு வாங்கியிருந்தாள். டில்லியில் மெடல் தருகிறார்கள். பிள்ளைக்குத் துணையாக ஒருவர் போகலாம், ரயில் செலவு சர்க்காருடையது. போய்வரப் பத்து நாளாகும்.

அந்தப் பத்து நாள்தான் இடித்தது. புருஷன் இன்னாசிராஜ் மரம் விழுந்து செத்தபிறகு, அவள் டெம்பரவரியாகச் சேர்ந்தவள். முழுநாள் வேலைக்குச் செக்ரோல் என்கிற ஆஜர்ப் புத்தகத்தில் ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். விட்டுப்போகாமல் முழுப்பேர் விழுந்தவர்களைத்தான் ஸ்திரமாக்குவார்கள். ஸ்திரமானால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு நிலைக்கும். அதற்காகவே காய்ச்சலோடும் மலையேறியிருக்கிறாள். தோட்டத்து மேனேஜர் துரை வாயால் லீவு என்று வந்துவிட்டால் பேரை வெட்டமாட்டார்கள். இன்றைக்குப் பாராட்டுக் கூட்டத்தில், நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்றிருந்தாள்.

இரண்டு மணிக்கே கங்காணி சூசையப்பன் மேட்டிலிருந்து கத்தினார். "செபமாலை, கூடையோட வா. போட்டோக்காரன் நெறஞ்ச கூடை கேக்கான்."

"எடை போட்டுட்டு வாரேன் அண்ணாச்சி."

"எடை போட்டா கூடை காலியாயிரும்லா? அது பொறவு பாத்துக்கலாம்."

எடைக் கொட்டகையில் கலர்க் காகிதம் ஒட்டி, ஆபீசிலிருந்து நாற்காலிகள் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பிலோமி பள்ளிக்கூட உடுப்பில் துரைக்குப் பக்கத்தில் விறைத்து நின்றாள். போட்டோக்காரன் செபமாலையை மகளுக்கு அருகில் நிறுத்தி, கூடையை இன்னும் தூக்கச் சொன்னான். தூக்கினாள். சிரிக்கச் சொன்னான். கழுத்து வலியில் பல்லைக் கடித்ததே சிரிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும், போதும் என்றான்.

துரை மலையாளத்தில் பேசினார். இந்தக் குட்டி தோட்டத்துக்கே பேர் வாங்கித் தந்துவிட்டாள் என்றார். கை தட்டல் ஓய்ந்ததும் செபமாலை முன்னால் போய்க் கும்பிட்டாள்.

"ஐயா, பிள்ளைகூட டில்லி போக லீவு வேணும். பேரை வெட்டாம..."

துரை, ஆபீஸ் கணக்கெழுதும் ரைட்டர் கபிரியேலைத் திரும்பிப் பார்த்தார். ரைட்டர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "ஒனக்கு எதுக்கும்மா அந்தச் சள்ளை? இந்தி தெரியாது, இங்கிலீசு தெரியாது. எங்க வீட்டுக்காரி கூட்டிட்டுப் போறா. அவ தங்கச்சி டில்லியிலதான் இருக்கா. தொணைக்குன்னு அவ பேரை எழுதி அனுப்பி ரெண்டு வாரமாச்சு."

மறுபடியும் கை தட்டினார்கள். யாரோ செபமாலையின் கையில் ஒரு லட்டை வைத்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது கொழுந்து லாரி போயிருந்தது. அவள் கூடையை இறக்கிக் கையை உள்ளே விட்டாள். அமுங்கிக் கிடந்த கொழுந்து சூடேறி, அடியில் சிவக்கத் தொடங்கியிருந்தது.

சூசையப்பன் எட்டிப் பார்த்தார். "வெந்துபோச்சே. இதை எங்க எடை போட? காலை எடைக்கு அரைப்பேர் போட்டிருக்கேன்."

"நீங்க கூப்பிட்டுத்தான அண்ணாச்சி வந்தேன்?"

"கூப்பிட்டேன். இல்லேங்கல. துரைகிட்ட போய்ச் சொல்லட்டா, ஒம்ம விழாவால கொழுந்து கெட்டுதுன்னு? எம்பொழப்புக்கு ஒல வச்சிராத தாயி."

கொழுந்தைச் சரிவில் கொட்டச் சொல்லிவிட்டுப் போனார். கொட்டும்போது பிலோமி வந்து கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"நான் போமாட்டேன். அந்தம்மாகூடப் போமாட்டேன்."

"போ பிள்ள. நீ போகலன்னா, ஒம்பேரச் சொல்லி அவ மட்டும் போயிருவா."

பிலோமிக்குச் சிரிப்பு வரவில்லை. சரிவில் கொட்டிய கொழுந்திலிருந்து ஆவி எழுந்தது.

டில்லி ரயில் புறப்பட்ட அன்று செபமாலை பதினோராம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் ஸ்திரமானவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். மாரித்தாய் இருந்தாள், செபமாலை இல்லை. நடுவில் ஒரு அரைப்பேர் இருக்கிறதே என்றார் ரைட்டர், இனி முதலிலிருந்து எண்ணவேண்டுமாம்.

சம்பள ஜன்னலுக்கு உட்புறம், துரையின் நாற்காலிக்கு மேலே அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். நடுவில் துரை, ஒருபுறம் பிலோமி, மறுபுறம் கூடையோடு அவள். கூடை விளிம்பு தாண்டிக் கொழுந்து பிதுங்கி நின்றது. அந்தக் கூடைக்குத் தோட்டம் அவளுக்குத் தரவேண்டிய அரைப்பேர் இன்னும் பாக்கி.