ஜோடி டீச்சர்

ஆறாம் வகுப்பில் கணக்குக்கு கலைமகளை அடிச்சுக்க ஆளில்லை. அந்த ஒரே குற்றத்துக்காக செந்தமிழ்ச்செல்வி மிஸ் எலோடியை அவள் தலையில் கட்டிவிட்டார்.

"நீதான் இவளுக்கு ஜோடி டீச்சர். அடுத்த வெள்ளிக்கிழமை வகுத்தல் டெஸ்ட். தேறலன்னா இவளை அஞ்சாவதுக்கு இறக்கிடுவாங்க, பார்த்துக்கோ."

எலோடி பிரான்சிலிருந்து வந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது. அவள் அம்மா இங்கேயே, புதுச்சேரி சாரத்தில் பிறந்த பெண். அதனால் தமிழ் வரும், ஆனால் யோசித்து யோசித்துத்தான் வரும். மத்தப் பிள்ளைகளுக்கு அதுவரை பொறுமை ஏது? கலைமகள் மட்டும்தான் காத்திருந்து கேட்பாள். இவள் அஞ்சாவதுக்குப் போய்விட்டால் கலைமகளுக்குப் பக்கத்து இடம் காலி.

சொல்லிக்கொடுக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. மிஸ் செய்வதுதான். ஸ்கேலால் பெஞ்சைத் தட்டு, கத்திச் சொல், திருப்பிச் சொல்ல வை, தப்பானால் சிவப்பில் கிராஸ் போடு.

எலோடி முதல் நாளே கோபத்தைக் கிளப்பினாள். வகுக்கிற எண்ணை இடப்பக்கம் எழுதுவதுதானே உலக வழக்கம்? இவள் வலப்பக்கம் கோடு கிழித்து எழுதினாள். விடையை அதற்குக் கீழே எழுதினாள். பெருக்கியதும் இல்லை, கழித்ததும் இல்லை. மீதி மட்டும் எங்கிருந்தோ வந்து நின்றது.

"இன்னாடி இது? தலைகீழா போட்டு வச்சிருக்க?"

"அங்க இப்படித்தான்."

"இங்க இப்படி இல்ல. மாத்து."

"ஏன்?"

பாருங்கள் திமிரை! மிஸ்ஸிடம் யாராவது ஏன் என்று கேட்பார்களா? கலைமகள் பத்தொன்பது கணக்குக்கும் வரிசையாக கிராஸ் போட்டாள்.

ஆறு நாள் தொண்டை வறளக் கத்தினாள். எலோடி தேறவில்லை. பாதி இந்த மாதிரி, பாதி அந்த மாதிரி என்று குழப்பி, கடைசியில் சின்ன எண்ணுக்கே தடுமாறினாள். வியாழக்கிழமை சாயந்திரம் கலைமகளுக்குப் பொறுமை போயே போச்சு. முதல் நாள் நோட்டை எடுத்து, "எவ்வளவு தப்புன்னு நீயே பாரு" என்று காட்டத்தான் பெருக்கிப் பார்த்தாள். இருபத்தெட்டை முப்பத்துநாலால் பெருக்கினால் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. சரி. அடுத்ததும் சரி. பத்தொன்பதும் சரி.

அடக் கடவுளே! எலோடியின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு உன் மாதிரியே போடு" என்றாள். எலோடி ஆறு நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்தும் சரியான விடை. மிஸ் மொத்தத்துக்கும் சைபர் போட்டார். எலோடியின் அம்மாவை வரவழைத்து, தாயையும் மகளையும் தலைமையாசிரியை பெரிய மிஸ் ரூமுக்கு அனுப்பிவிட்டார்.

"பெருக்கிப் பாருங்க மிஸ், எல்லாம் சரிதான்!" கலைமகள் கிட்டத்தட்டக் கத்தினாள்.

"விடை சரி. வழி எங்க? பக்கத்துல உட்கார்ந்து உன்னைப் பார்த்து எழுதியிருக்கா."

"இல்ல மிஸ். அது அவங்க ஊர் மாதிரி. மனசுலயே கழிப்பா."

"அப்படியா? நீதானே ஜோடி டீச்சர். வா, அவ மாதிரியே போட்டுக் காட்டு. நான் ஒத்துக்கறேன்."

போர்டில் மிஸ் எழுதினார்: 6432, 67. கலைமகள் எலோடியைப் போலவே வலப்பக்கம் கோடு கிழித்தாள். ஒன்பது முறை போகும் என்று கீழே எழுதினாள். அப்புறம்? பெருக்கி எழுதக் கை பரபரத்தது. எழுதாமல் எப்படிக் கழிப்பது? எந்த இலக்கத்தில் ஆரம்பிப்பாள், எதை மனசில் வைத்துக்கொள்வாள்? ஒன்றும் தெரியவில்லை. ஆறு நாள் ஒட்டி உட்கார்ந்திருந்தும், நீ எப்படிடி போடற என்று ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லையே! சாக்பீஸ் விரலில் ஈரமாகிவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"போதும்" என்றார் மிஸ். குரலில் கோபம்கூட இல்லை. "அவ பையை எடுத்துட்டுப் போய் அஞ்சாவதுல வச்சுட்டு வா."

கலைமகள் பையை எடுத்தாள்.