அழுங்குக்குப் பின்னால் நடக்கப் போகிறவள்

அருள்மலர் ஆபிரிக்காவுக்குப் போவது ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்யத்தான் என்பது, ஊரெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் அருள்மலருக்குத் தெரிய வந்தது.

சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. தமிழ்ப் பூசைக்கு வருகிற பெண்களின் மாதர் குழுவை நடத்தும் சுஜானி, இரண்டு பெரிய பைகளோடு நின்றாள். ஒன்றில் சின்னப் பிள்ளைகளின் சட்டைகள், மற்றதில் சப்பாத்துகளும் ஒரு கட்டுச் செபமாலைகளும். பைகளை உள்ளே வைத்துவிட்டு அருள்மலரைக் கட்டிப்பிடித்து, இந்த வயதில் இப்படி ஒரு மனது யாருக்கு வரும் அக்கா என்று கண்கலங்கினாள். அருள்மலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்குள் அருள்மலரின் கணவன் வின்சன்ற் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும், கதையைக் கட்டியது யார் என்று விளங்கியது.

அவள் போகவிருந்தது நமீபியாவில் உள்ள ஒரு விலங்குச் சரணாலயத்துக்கு. களவாகப் பிடித்து விற்கிறவர்களிடமிருந்து மீட்ட அழுங்குகளை அங்கே வைத்துத் தேற்றுகிறார்கள். உடம்பெல்லாம் செதில் மூடிய, எறும்பு தின்கிற அந்தப் பிராணி கூட்டுக்குள் வைத்தால் சாப்பிடாதாம். அதனால் தினமும் பற்றைக் காட்டில் இறக்கிவிட்டு, அது புற்றுத் தோண்டித் தின்று முடியும்வரை நாலைந்து மணித்தியாலம் ஒரு ஆள் பின்னால் நடக்க வேண்டும். தவறவிடக் கூடாது, தொந்தரவு செய்யவும் கூடாது. வேறு வேலை இல்லை. விளக்கக் குறிப்பில் ஒரு வரி இருந்தது: "அது உங்களைத் திரும்பிப் பார்க்காது." அருள்மலர் அதை மூன்று தடவை வாசித்தாள்.

சுவிசில், சோலோதுர்ன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் அவள் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பு உதவியாளர். விடிந்தால் பொழுதுபட்டால் யாராவது அவள் முகத்தைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான்.

லோசானில் படிக்கிற மகள் எலேனாதான் படிவம் நிரப்ப உதவினாள். ஏன் வர விரும்புகிறீர்கள் என்ற கேள்வியை அருள்மலர் இரண்டு நாள் வெறுமையாக விட்டிருந்தாள். விலங்குகள்மேல் அன்பு என்று எழுதலாம் என்றாள் மகள். அது பொய், பக்கத்து வீட்டு நாய்க்கே அவள் ஒதுங்கி நடக்கிறவள். கடைசியில், "வர விருப்பம்" என்று மட்டும் எழுதினாள். எடுத்துக்கொண்டார்கள்.

சுஜானி போனதும் வின்சன்ற் முந்திக்கொண்டான்.

"பின்னை என்னத்தைச் சொல்லுறது? என்ர மனிசி ஒரு மாதம் லீவு எடுத்து, எறும்பு தின்னுற சாமானுக்குப் பின்னால நடக்கப் போறா எண்டோ?"

"ஓம். அப்பிடித்தான்."

"சனத்துக்கு ஒரு காரணம் வேணுமப்பா. நாளைக்குப் பூசை முடிய பாதர் உன்னைக் கூப்பிட்டு ஆசீர்வாதம் தருவார். வாயைத் திறக்காமல் ஒரு நிமிசம் நில்லு. பிறகு போய் எதுக்குப் பின்னாலையெண்டாலும் நட."

அன்று முழுவதும் அவள் அதையே யோசித்தாள். பெரிய பொய்யில்லை. யாருக்கும் நட்டமில்லை. இருபது வயதில் இந்த நாட்டுக்கு வந்தது தம்பிமாரையும் இங்கே எடுப்பிக்க. வேலைக்குப் போனது தங்கச்சியின் கல்யாணத்துக்கு. டொச் மொழி படித்தது பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு. எல்லாம் உண்மையான காரணங்கள். ஒவ்வொன்றையும் மனம் ஒத்துத்தான் செய்தாள். ஆனால் தனக்கு விருப்பம் என்பதற்காக மட்டும் அவள் வீட்டுப் படியைத் தாண்டிய ஒரு நாளை எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் தடவையாக அப்படி ஒன்று வந்தால், அதற்கும் ஒரு சட்டை தைத்துப் போட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். பாதர் அவளை முன்னுக்கு அழைத்து, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, நம் சமூகத்திலிருந்து ஒரு தாய் ஆபிரிக்கக் குழந்தைகளைத் தேடிப் போகிறார் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டு இனித்தது. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. அத்தனை முகங்களும் மலர்ந்து பார்க்க, அவர்கள் பார்க்கிற அந்த நல்ல மனுஷி தான்தான் என்று ஒரு கணம் நம்பினாள். இன்னும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றால் அந்த மனுஷிதான் விமானத்தில் ஏறுவாள், தான் இங்கேயே நின்றுவிடுவோம் என்று தோன்றியது.

"பாதர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள். "நான் பிள்ளையளிட்டைப் போகேல்லை. அழுங்குக்குப் பின்னால நடக்கப் போறன்."

பின்வரிசையில் யாரோ சிரித்து அடக்கினார்கள். அழுங்கு என்றால் என்ன என்று ஒரு பிள்ளை தாயைக் கேட்டது. சுஜானியின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப எங்களை ஏமாத்தினீங்களோ அக்கா?"

அருள்மலர் வின்சன்றைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதும். அவள் அந்தச் சொல்லை விழுங்கினாள்.

"பிழையான கதைதான் உங்களுக்கு வந்தது, சுஜானி. சரியான கதை இது. உங்கட பையள் அப்பிடியே கிடக்கு, பின்னேரம் கொண்டுவந்து தாறன். அழுங்குக்கு அந்தச் சட்டையள் அளவில்லை."

இப்போது உண்மையாகவே சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த இராஜேந்திரன், எல்லார் வீட்டு அலுவலிலும் தீர்ப்புச் சொல்லிப் பழகிய மனிதர், ஐம்பது தாண்டினால் பெண்களுக்கு இப்படித்தான் ஒரு விசர் பிடிக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவளுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பிடிச்சிட்டுது அண்ணை," என்றாள் அருள்மலர். "இருபதாம் திகதி பிளேன்."

பாதர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். சேவைக்குப் போகிறவர்களுக்கான செபத்தைத்தான் எழுதி வந்ததாகச் சொல்லி, அப்ப ஆசீர்வாதம் வேண்டாமோ என்று தயங்கிக் கேட்டார்.

"வேணும், பாதர். பிள்ளையளுக்காக இல்லை, எனக்காகத் தாங்கோ. என்ர விருப்பத்துக்குப் போறன், அதுக்கும் கடவுளிட்டை இடம் இருக்கும்தானே?"

அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, வெறுங்கையை அவள் தலையில் வைத்தார். "போயிட்டு வாங்கோ," என்றார். அவ்வளவுதான். இந்தத் தடவை ஒருவரும் கைதட்டவில்லை.

நிமிர்ந்தபோது வின்சன்ற் இல்லை; மண்டபக் கதவு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் அவள் குசினிக்குள் நின்று மற்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். இன்று ஒரு தட்டை எடுத்து இரண்டு றோல்ஸ் வைத்துக்கொண்டு, மண்டபத்தின் நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று முதலாவதை ஆறுதலாகக் கடித்தாள். உறைப்பு அளவாக இருந்தது.

வெளியே அவர்களுடைய கார் கோர்ன் ஒரு தடவை அடித்தது. சிறிது நேரம் கழித்து இன்னொரு தடவை, நீளமாக. அருள்மலர் இரண்டாவது றோல்ஸைக் கையில் எடுத்தாள்.